மோட்டார் வண்டியின் கதவும் உடலின் விறைப்பும்

தமிழ் கற்பிக்கும் நாம் மோட்டார் வண்டியின் கதவைப்பற்றி எழுதப் புகுந்தமை அன்பர் சிலர்க்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கதவு, நிலை, தாழ், குடுமி, பிணைச்சல் என்னுஞ் சொற்கள் எமது துறைக்குப் புறம்பானவை அல்ல. அன்றியும், திருகோணமலையில் வண்டி வைத்திருப்போர் நால்வர் கூடுமிடத்தில் இப்போது அடிக்கடி எழும் வினா ஒன்று உண்டு. கதவிலே பொருத்துஞ் சிறியதோர் உறுப்பை மாற்றுவதால், அல்லது புதிதாகச் சேர்ப்பதால், வண்டியின் உடல் முழுவதும் விறைப்புப் பெறுமா? பெறுமாயின், ஓட்டுவோன் கைக்கு அது தெரியுமா? கடல் கடந்து வாழும் பழைய மாணவர் சிலர் விடுமுறைக்கு வருகையில், உறவினர்க்கென இத்தகைய உறுப்புகளைப் பெட்டியில் வைத்துக் கொண்டுவருதலும் உண்டு.

இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. 2020 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்நாட்டில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வண்டிகளுக்கு மீண்டும் வழி திறந்தது 2025 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே தான். இடையிற் கழிந்த ஐந்தாண்டுகளில் பத்து வயதான வண்டி பதினைந்து வயதை எட்டிவிட்டது. வழி திறந்த பின்னரும், வரியின் சுமையால் ஆசிரியர்க்கும் எழுதுவினைஞர்க்கும் புதிய வண்டி எட்டாக் கனியே. கையிலுள்ள விட்ஸையோ அக்சியோவையோ மேலும் பல ஆண்டுகள் காத்துக்கொள்வதே பலர் கருத்து. அவ்வாறாயின், அரிதிற் சேர்த்த காசை எவ்விடத்திற் செலவிடுதல் தகும் என்பதே இங்கு ஆராயத் தக்கது.

விறைப்பு என்றது, விசை வந்து தாக்கும்போது வளைந்தும் முறுகியும் கொடாத தன்மையை. வலிமை வேறு, விறைப்பு வேறு. பிரம்பு வலியது, ஆனால் விறைப்பற்றது. கண்ணாடி விறைப்பு மிக்கது. ஆனால் எளிதில் உடைவது. மாணவர் இவ்விரண்டையும் ஒன்றெனக் கருதி இடர்ப்படுதல் வழக்கம்.

முற்காலத்து வண்டிகளில் ஏணிபோன்ற இரும்புச் சட்டமொன்றே பாரத்தைத் தாங்கியது. உடல் அதன்மேல் ஏற்றி வைத்த கூடு மாத்திரமே. பின்னர், தகடுகளை மடித்து ஒட்டிய உடலே தன்னைத் தானே தாங்கும் முறை பரவியது. எமது மூத்தோர் நன்கறிந்த மொறிஸ் மைனர், அலெக் இசிகோனிஸ் என்பார் வகுத்து 1948 இல் வெளிவந்தது, இம்முறையைச் சார்ந்ததே. (அவ்வண்டிக்கு வேண்டிய தகட்டுறுப்புகளை 1990களில் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பினர் என்பதை இளைஞர் பலர் அறியார்.) இன்று எம் தெருக்களில் ஓடும் யப்பானியச் சிறுவண்டிகள் யாவும் இவ்வகையினவே.

இத்தகைய உடலைத் தீப்பெட்டியின் புறக்கூட்டுக்கு ஒப்பிடலாம். உட்பெட்டியை வெளியே எடுத்துவிட்டுப் புறக்கூட்டை இரு விரல்களால் அழுத்தினால், அது சரிந்து சாய்சதுரமாகும். உட்பெட்டியை மீண்டுஞ் செருகினால் அவ்வளவு எளிதிற் சரியாது. கதவுக்கென வெட்டிய வாயில் அப்புறக்கூடு, கதவு உட்பெட்டி. ஆனால் உட்பெட்டி புறக்கூட்டினும் சிறிதாகி, சுற்றிலும் இடைவெளி இருக்குமாயின் யாது நிகழும்? இடைவெளி அடைபடும்வரை கூடு சரியும். அதன் பின்னரே உட்பெட்டி தடுக்கும். கதவுபற்றிய வாதம் முழுவதும் இவ்விடைவெளியைப் பற்றியதே.

கிண்ணியாப் பாலம் 2009 இல் திறக்கப்படுமுன், வண்டிகள் ‘பாதை’ என்று இங்கு வழங்கும் மிதவையிலேறியே அத்துறையைக் கடந்தன. கரையிலிருந்து ஏறும் பலகையில் ஒரு முன்சக்கரம் மாத்திரம் உயர்ந்து நிற்க, ஏனையவை தாழ்ந்து நிற்கும். அந்நிலையிற் கதவைத் திறக்க முயன்றோர், பழைய வண்டியாயின், அது நிலையில் உராய்ந்து இறுகுவதைக் கண்டிருப்பர். கதவு மாறவில்லை, வாயிலே உருமாறியது. இன்றும் இச்சோதனையைச் செலவின்றிச் செய்யலாம். ஒரு சக்கரத்தைத் தெருவோர மேட்டில் ஏற்றி நிறுத்திக் கதவைத் திறந்து மூடிப் பார்க்க. சமதரையில் திறந்தவாறே திறந்தால் உடல் நன்று. இறுகினால், கதவிற் குற்றங் காணுமுன் உடலைச் சோதிக்க வேண்டும்.

அளவு சிறிது கூறுவோம். இக்காலத்து வண்டிகள் பலவற்றின் உடலை ஒரு பாகையளவு முறுக்க 20,000 நியூற்றன் மீற்றருக்கு மேற்பட்ட முறுக்கம் வேண்டும். மேடுபள்ளத்தில் ஏறுகையில் உடலின்மீது 2,000 நியூற்றன் மீற்றர் முறுக்கம் வருவதாகக் கொள்வோம். உடல் முறுகுவது ஒரு பாகையின் பத்திலொரு பங்கே. ஒன்றரை மீற்றர் அகலமான வண்டியில், முன்புறத்துக்கும் பின்புறத்துக்கும் இடையே இது ஏறத்தாழ இரண்டரை மில்லிமீற்றர் வேறுபாடாகும். அவ்வேறுபாடும் உடலின் நீளமெங்கும் பரந்து கிடப்பது. ஒரு கதவு வாயிலின் பங்குக்கு வருவது அதனிலுங் குறைவு.

இனித் தேய்ந்த கதவை நோக்குவோம். மேற்பிணைச்சலுக்கும் கீழ்ப்பிணைச்சலுக்கும் இடைத்தூரம் 40 சதமமீற்றர். கதவின் நீளம் ஒரு மீற்றர். மேற்பிணைச்சலின் ஊசி ஒரு மில்லிமீற்றர் தளர்ந்தால், கதவின் மறுமுனை இரண்டரை மில்லிமீற்றர் தாழும். கணக்கு எளிது, ஆனால் அதன் விளைவு பெரிது. உடல் முழுவதும் முறுகும் அளவு எவ்வளவோ, ஒரு தேய்ந்த ஊசி தரும் தளர்வும் அவ்வளவு! இத்தகைய கதவு, புறக்கூட்டுள் ஆடுகின்ற உட்பெட்டியேயன்றி வேறன்று. அது வாயிலைத் தாங்குமாறு எங்ஙனம்?

கதவு உடலைத் தொடும் இடங்கள் மூன்று: முன்னே பிணைச்சல்; பின்னே, தூணிற் பதித்த இரும்பு வளையத்தைக் கவ்வும் பூட்டு நகம்; சுற்றிலும் இறப்பர். இறப்பர் மென்மையானது, விசையைக் கடத்தாது. பூட்டு நகமோ வளையத்தைக் கவ்வினும், எளிதில் மூடுதற்பொருட்டுச் சிறிது இடைவெளி விட்டே அமைக்கப்படுவது. ஆதலால், மூடிய கதவு உடலின் விறைப்புக்குச் செய்யும் உதவி இயல்பிலேயே சிறிது. இலக்கணத்தில் இயல்பு புணர்ச்சி என்போமே, அதுபோல இரண்டும் அருகருகே நிற்கின்றன. ஒன்றன் இயல்பை மற்றொன்று மாற்றுவதில்லை.

யப்பானில் ஐசின், ரொயோட்டா நிறுவனங்கள் வெளியிட்ட ‘டோர் ஸ்டெபிலைசர்’ என்னும் உறுப்பு இவ்விடைவெளியையே அடைக்க முயல்கின்றது. அதன் ஒரு பாகம் தூணின் வளையத்தோடும், மற்றப் பாகம் கதவின் பூட்டோடும் பொருந்தும். கதவை மூடியதும், வில்லொன்று தள்ள, ஆப்புப் போன்றதொரு துண்டு இடைவெளியுள் நகர்ந்து இறுகும். கருத்துப் புதியதன்று. மரச்சட்டமும் தகடுமாகக் கட்டிய முற்கால ஆங்கில வண்டிகளின் கதவோரத்தில், புறாவின் வாலை ஒத்த பித்தளை ஆப்பும் அதற்கேற்ற பள்ளமும் இருந்தன. கதவு ஆடாமல் நிற்றற்கே அவை. மெர்சிடிஸ் நிறுவனமும் 1959 இல் ஆப்பு முளை கொண்ட பூட்டை வண்டிகளில் அமைத்தது. அதன் நோக்கம் விபத்திலே கதவு திறவாமை.

அவ்வுறுப்பைப் பூட்டினால் சுக்கான் வளையத்தைத் திருப்பத் தொடங்கும் கணத்திலேயே வண்டி ஏவலுக்கு இணங்கும் என்பது தயாரிப்போர் கூற்று. அதனை நாம் முற்றாக மறுக்கமாட்டோம். உடலும் பிணைச்சலும் செம்மையாக உள்ள வண்டியில், சிறு முறுக்கம் எழுந்தவுடனேயே கதவும் பங்குகொள்ளத் தொடங்கும். கூருணர்வுடைய ஓட்டுநர்க்கு அது தெரிதல் கூடும். ஆனால் அந்த ஆப்புத் தள்ளும் விசை கதவின் நீளத்தூடே சென்று பிணைச்சலிலேயே தாங்கப்பட வேண்டியது. பிணைச்சல் தளர்ந்திருப்பின் ஆப்பின் முயற்சி அங்கே வீணாகும். பின்னே அடைத்த இடைவெளி முன்னே திறக்கும். வளையத்தின்மேல் அழகுக்கு மாட்டும் பிளாஸ்ரிக் உறைகளும் சந்தையில் உண்டு. அவை விறைப்புக்கு யாதுஞ் செய்யா.

‘நன்றாக இருக்கிறது’ என்று நாம் கூறும் உணர்ச்சியையும் சிறிது பிரித்துப் பார்க்க வேண்டும். மனிதன் விறைப்பை நேரே உணர்வதில்லை. ஓசையின்மையையும் நடுக்கமின்மையையும் கொண்டே அதனை அனுமானிக்கின்றான். கதவை மூடும்போது ‘தொம்’ என்று தாழ்ந்த ஓசை எழுந்தால் வண்டி உறுதியானது என்கின்றான். ‘சளார்’ என்றால் ஓட்டை வண்டி என்கின்றான். இதனை உணர்ந்தே தயாரிப்போர் கதவுத் தகட்டின் உட்புறத்தில் அதிர்வை உறிஞ்சும் அட்டைகளை ஒட்டுகின்றனர். அவ்வட்டையால் உடல் இம்மியும் விறைப்படையாது. செவி மாத்திரம் ஆறுதலடையும். அவ்வாறுதலும் இழிவானதன்று. நிலாவெளிக்கு நாள்தோறும் போய்வருவோர்க்குக் கடகடப்பற்ற வண்டி பெரும்பேறே. ஆனால் அதனை விறைப்பு என்று விலைகொடுத்து வாங்குதல் தகாது.

எமது துறைமுகப் பகுதியின் தனித்தன்மை இங்கேதான் வருகின்றது. மூன்று புறமுங் கடல் சூழ்ந்த நகர் இது. உப்புக் காற்று தகட்டிற் படிந்தால், அவ்வுப்பு ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். ஈரம் கறளை வளர்க்கும். உள்நாட்டில் நெடுங்காலம் நிலைக்கும் பிணைச்சல் ஊசி இங்கு விரைவில் நெகிழ்கின்றது. கதவைப் பாதி திறந்து, அதன் பின்னோரத்தை இரு கைகளாலும் மெல்ல மேலே தூக்கிப் பார்க்க. பிணைச்சலில் அசைவு தெரிந்தால் ஊசியும் அதன் உறையும் மாற்றத் தக்கவை. மூடும்போது கதவு வளையத்தில் ஏறி உயர்கின்றதா என்றும் நோக்குக. உயர்ந்தால் கதவு தாழ்ந்துவிட்டது என்பது பொருள். சிலர் கதவைத் திருத்தாது வளையத்தைக் கீழிறக்கிவிடுவர். நோயை விட்டு நோவை மறைக்கும் வைத்தியம் அது. பிணைச்சலைத் திருத்தி, அதன் பின்னரே வளையத்தை ஒழுங்குசெய்தல் முறை. முன்பிருந்த இடத்தைப் பென்சிலாற் குறித்துக்கொண்டு, திருகாணிகளைச் சற்றே தளர்த்தி, சிறிது சிறிதாக நகர்த்துக.

இறப்பரைச் சோதிக்க ஒரு துண்டுக் கடதாசி போதும். கதவிடையே வைத்து மூடி இழுத்தால், தடையின்றி வருமிடத்தில் இறப்பர் தட்டையாகிவிட்டது. புதியது இடுங்கால் அளவு அறிந்து இடுக. தடித்த இறப்பரை இட்டுவிட்டு, ஒவ்வொரு முறையும் கதவை ஓங்கி அறைவோர் பூட்டையும் பிணைச்சலையும் கெடுக்கின்றனர்.

இவற்றினும் முதன்மையானது, கதவின் கீழே ஓடும் பெட்டி வடிவான விளிம்பு. வண்டியுடலின் விறைப்பிற் பெரும்பங்கு அதனிடத்ததே. அது உள்ளிருந்தே உளுத்துப்போதல் உண்டு. வெளியே பூசிய வர்ணம் பளபளக்கும். விரலால் அழுத்தினால் அமுங்கும். சில கராச்சுகளில் அவ்வோட்டையைப் பசையால் அடைத்து வர்ணம் பூசித் தருகின்றனர். கண்ணுக்கு நன்று, பசைக்கோ விறைப்பில்லை. இவ்விடத்தைத் தகடு வெட்டி ஒட்டித் திருத்தாமல் கதவிலே ஆப்பு வைத்தல், அடித்தளம் கரைந்த வீட்டுக்குப் புதுத் தாழ்ப்பாள் போடுவதை ஒக்கும். முன்கண்ணாடியும் அத்தகையதே. இக்கால வண்டிகளில் அது பசையால் உடலோடு ஒட்டப்பட்டு விறைப்புக்கு உதவுவது. உடைந்ததை மாற்றுகையில் உரிய பசையிட்டு, அது இறுகும்வரை காத்திருத்தல் வேண்டும்.

பூட்டைப்பற்றி ஓர் எச்சரிக்கை. விபத்திலே கதவு திறந்து வெளியே எறியப்படுவோரே பெரிதும் மாள்கின்றனர் என்பதை ஆராய்ச்சியாளர் 1950களில் அமெரிக்காவிற் கண்டனர். அதனால் 1956 ஆம் ஆண்டு வண்டிகளிற் போட் நிறுவனம் இருமடங்கு பிடியுள்ள பூட்டை அமைத்தது. 1968 முதல் பூட்டும் பிணைச்சலும் தாங்கவேண்டிய விசை அந்நாட்டிற் சட்டமாயிற்று. எனவே வளையத்தையும் அதன் திருகாணிகளையும் கடைத்தெருவிற் கிடைக்கும் எந்த இரும்பாலும் மாற்றுதல் ஆகாது. வளையத்தின்மீது நாடாவைத் தடிப்பாகச் சுற்றிக் கடகடப்பை நிறுத்தும் வழக்கமும் எம்மிடையே உண்டு. அதனால் நகம் இரண்டாம் படிவரை சென்று பூட்டாது முதற் படியிலேயே நின்றுவிடலாம். கதவு மூடியதுபோலத் தோன்றும். தாக்குண்டாற் பிடி தளரும். பின்னிருக்கையில் இருப்பவர் எம் பிள்ளைகள் அன்றோ.

வேலைக்கு ஏற்ற காலம் வாடைக்கு முன்னரான புரட்டாதி, ஐப்பசி மாதங்கள். அப்பொழுது கதவின் அடியோரத்தை ஒருமுறை தடவிப் பார்க்க. மழைநீர் கண்ணாடியோரமாகக் கதவினுள் இறங்கி வடிதற்கென அங்கே சிறுதுளைகள் உண்டு. உப்புவெளி மணலும் இலைத்தூளும் அவற்றை அடைத்துவிட்டால், நீர் கதவினுள்ளே தேங்கி நின்று தகட்டை உள்ளிருந்து தின்னும். ஈர்க்கொன்றாற் குத்தி அவற்றைத் திறந்துவிட்டு, பிணைச்சல் ஊசியிலே மெல்லிய எண்ணெயும், பூட்டு நகத்திலே சிறிது கிறீசும் இடுக. ஊசியிற் கிறீசை அப்பினால் அது மணலைப் பிடித்துவைத்து அரமாக மாறும்.