கடல்மேல் ஓர் ஓடுதளம் – 7
இரண்டு விநாடி நீராவி

அம்பத்தூர், ஆவடி வழியாக மேற்கே போகும் மின்சார ரயில் அரக்கோணத்தில் போய் நிற்கும். அந்த ஊரில் கடல் இல்லை, கடற்படை இருக்கிறது. 1992-ல் தொடங்கப்பட்ட ஐ.என்.எஸ். ராஜாளி விமானத் தளத்தின் ஓடுதளம் 4 கிலோமீட்டருக்கும் அதிக நீளம். நீர்மூழ்கிகளைத் தேடும் பி-8ஐ விமானங்கள் அங்கிருந்துதான் வங்கக்கடலுக்குப் பறக்கின்றன. இதே கடற்படையில் கப்பலிலிருந்து கிளம்பும் போர் விமானிக்குக் கிடைப்பது சில நூறு அடிகள்தான். இறங்கும் விமானத்தைப் பிடித்து நிறுத்தும் கம்பிகளைப் போன வாரம் பார்த்தோம். இந்த வாரம், விமானத்தை எறிந்து பறக்கவிடும் கேட்டபல்ட்.

நீராவியால் இயங்கும் கேட்டபல்ட்டை உருவாக்கியவர் பிரிட்டிஷ் கடற்படையின் ரிசர்வ் அதிகாரி காலின் மிட்செல். 1950-ல் பெர்சியஸ் என்ற கப்பலில் அதைச் சோதித்தார்கள். மேல்தளத்துக்கு அடியில் இரண்டு நீளமான உருளைகள் பக்கத்தில் பக்கத்தில் கிடக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன். இரண்டையும் இணைத்து, தளத்தின் பிளவு வழியாகத் தலைநீட்டும் கொக்கிதான் விமானத்தை இழுக்கிறது. உருளையின் முதுகில் அத்தனை நீளத்துக்குப் பிளவு இருந்தால் நீராவி வெளியேறிவிடாதா? பிளவை ஒரு உலோகப் பட்டை அடைத்திருக்கும். பிஸ்டன் ஓடும்போது, பையின் ஜிப்பைப் போல, பட்டை அந்த இடத்தில் மட்டும் விலகி, பின்னாலேயே மூடிக்கொள்ளும். மிட்செலின் சாமர்த்தியம் முழுக்க அந்தப் பட்டையில் இருக்கிறது என்பேன்.

அமெரிக்காவின் பெரிய கப்பல்களில் கேட்டபல்ட் சுமார் 94 மீட்டர் நீளம். நின்ற இடத்திலிருந்து மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்துக்கு இரண்டே விநாடியில் விமானம் போய்விடும். கிளம்புமுன் அதன் எடையைப் பலகையில் எழுதி விமானியிடம் காட்டுவார்கள். அவர் சரி என்று சைகை செய்தால்தான் அந்த எடைக்கு ஏற்ப நீராவியை வைப்பார்கள். குறைந்தால் விமானம் கடலில். கூடினால் மூக்குச் சக்கரம் பிய்ந்து வரும். எஞ்சின் முழு வேகத்தில் உறுமினாலும் விமானம் நகராதபடி பின்னாலிருந்து ஒரு பிடிப்பு இழுத்து வைத்திருக்கும். குறித்த அளவு விசை வந்ததும் அது விட்டுக்கொடுக்கும். எஃப்-18 விமானி அந்த நேரத்தில் கட்டுப்பாட்டுத் தண்டைத் தொடவே மாட்டார். வலது கை மேலே உள்ள கைப்பிடியில் இருக்கும். ஓடி முடித்த பிஸ்டனின் கூரிய முனை தண்ணீர் நிறைந்த குழாய்க்குள் பாய்ந்து, சில அடிகளிலேயே நின்றுவிடும்.

இந்தக் கருவி நம்மிடமும் இருந்தது. 1961 மார்ச் 4 அன்று பெல்ஃபாஸ்ட்டில் கடற்படையில் சேர்ந்த விக்ராந்தில் நீராவி கேட்டபல்ட் உண்டு. சீ ஹாக் ஜெட்களும் அலிஸே விமானங்களும் அதிலிருந்து கிளம்பின. பத்து வருடம் கழித்துப் பாகிஸ்தானுடன் போர் நெருங்கியபோது கப்பலின் பாய்லரில் விரிசல். கேட்டபல்ட்டுக்கு நீராவி கொடுப்பதும் அதே பாய்லர்தான். கப்பல் வேகமாக ஓடினால் எதிர்க்காற்று கிடைக்கும், அந்த அளவுக்கு கேட்டபல்ட்டின் வேலை குறையும். விக்ராந்தில் இரண்டுமே அடிபட்டன. பாய்லரின் அழுத்தத்தைக் குறைத்து, வேகத்துக்கும் வரம்பு வைத்து, அப்படியே போருக்கு அனுப்ப முடிவெடுத்தார்கள்.

கிழக்குக் கடற்படையின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் நாகர்கோவிலில் பிறந்த வைஸ் அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன். 1971 நவம்பரில் பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி விக்ராந்தைத் தேடிச் சென்னைக் கடலுக்கு வந்தபோது, கப்பல் அந்தமானுக்குப் போய்விட்டிருந்தது. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலை விக்ராந்த் போல நடிக்கவைத்தார் கிருஷ்ணன். காஸி விசாகப்பட்டினத்துக்கு வெளியே மூழ்கியது. டிசம்பர் 4 அன்று விக்ராந்தின் எட்டு சீ ஹாக் விமானங்கள் அன்றைய கிழக்குப் பாகிஸ்தானின் காக்ஸ் பஜாரைத் தாக்கின. அன்று ஒவ்வொரு விமானத்தையும் கடலுக்கு மேலே தூக்கிவிட்டது அந்த அரைகுறை அழுத்த நீராவிதான். விமானிகளின் பெயரைச் சொல்லும் நாம், கீழே வியர்த்துக் கொட்டிய பாய்லர் அறை ஆட்களையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிறகு சீ ஹேரியர் விமானம் வந்தது. அதற்கு கேட்டபல்ட் தேவையில்லை. விக்ராந்திலிருந்து அதைக் கழற்றிவிட்டு, முன்பக்கம் மேல்நோக்கி வளைந்த மேடை போட்டார்கள். 2013-ல் வந்த விக்ரமாதித்யாவிலும், 2022-ல் கொச்சியில் சேர்ந்த புதிய விக்ராந்திலும் மேடைதான். அதில் நீராவி வேண்டாம், பழுது குறைவு. ஆனால் விமானம் தன் சொந்த எஞ்சினை மட்டுமே நம்பி ஏற வேண்டும் என்பதால் எரிபொருளையோ குண்டுகளையோ குறைத்துக்கொள்ள நேரும். தலையில் பெரிய ரேடாரைச் சுமக்கும் கனமான கண்காணிப்பு விமானம் அந்த மேடையில் கிளம்பவே முடியாது. எனக்குப் பெரிய குறையாகத் தெரிவது அதுதான்.

2025 ஏப்ரலில் இந்தியா 26 ரஃபேல்-எம் விமானங்களுக்கு ஒப்பந்தம் போட்டது. பிரான்ஸின் சார்ல் த கோல் கப்பலில் 75 மீட்டர் கேட்டபல்ட்டில் இழுபடுவதற்கென்றே அதன் மூக்குச் சக்கரம் வலுவாகக் கட்டப்பட்டது. நம்மிடம் வந்து மேடையில் ஏறும். விமானச் சக்கரம் என்றால் ஆவடியையும் சொல்ல வேண்டும். அங்கே டாங்கி மட்டும்தான் செய்கிறார்கள் என்று நினைப்பவர்கள் உண்டு. அங்குள்ள போர் வாகன ஆராய்ச்சி நிலையம் தேஜஸ் விமானத்துக்கு கியர்பாக்ஸும், ஆளில்லா விமானங்களுக்கு மடங்கும் சக்கரத் தொகுதியும் வடிவமைத்திருக்கிறது. நாளை கேட்டபல்ட் இழுவையைத் தாங்கும் சக்கரம் நமக்கு வேண்டுமென்றால், அந்த அனுபவம் ரயில் தூரத்திலேயே இருக்கிறது.

இப்போது உலகம் நீராவியையும் விட்டு நகர்கிறது. 2017-ல் சேர்ந்த அமெரிக்காவின் ஃபோர்டு கப்பலில் மின்காந்தம் விமானத்தை இழுக்கிறது, சீனாவின் ஃபுஜியானிலும் அப்படியே. விசையை விநாடிக்குள் கூட்டிக் குறைக்கலாம் என்பதால், கனமான விமானத்தையும் சின்ன ட்ரோனையும் ஒரே பாதையில் அனுப்ப முடியும். அந்த மின்சாரத்தைக் கப்பல் எங்கே சேமித்து வைக்கிறது என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)