கயிற்றுக்கு வெளியே நிற்கும் பிள்ளைகள்

முதலாம் தவணை வந்தால் திருகோணமலைப் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி களைகட்டிவிடும். இல்லச் சோடனை, அணிநடை, அஞ்சலோட்டம் என்று ஊரே மைதானத்தில் கூடும். வென்றவர்கள் வலயத்துக்கும் மாகாணத்துக்கும் போவார்கள். மற்றப் பிள்ளைகள் கயிற்றுக்கு வெளியே நின்று கைதட்டிவிட்டு வகுப்புக்குத் திரும்புவார்கள். திறமையுள்ளவரைப் பொறுக்கி எடுக்க நமது பாடசாலை விளையாட்டுக்குத் தெரிகிறது. எல்லாரையும் ஓடவைக்கத் தெரியவில்லை. சுகாதாரமும் உடற்கல்வியும் 6 முதல் 9 ஆம் தரம் வரைதான் கட்டாயம், 10 ஆம் தரத்தில் அது விருப்பப் பாடம். பிள்ளை உடலசைவைக் கைவிடத் தொடங்கும் வயதில் பாடசாலையும் பிடியைத் தளர்த்திவிடுகிறது. பதின்பருவத்தினருக்கு நாளுக்குச் சராசரி 60 நிமிட உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 146 நாடுகளின் தரவுகளை வைத்து அது 2019 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 11 முதல் 17 வயது வரையானோரில் 100க்கு 81 பேர் அந்த அளவை எட்டவில்லை. பெண்பிள்ளைகளில் அது 85.

விளையாடினால் படிப்புக் கெடும் என்பது பெற்றோரின் பயம். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை ஒரு குடும்பத்தின் தலைவிதியையே மாற்றக்கூடிய நாட்டில் அதை அலட்சியப்படுத்த முடியாது. 1958 டோக்கியோ ஆசிய விளையாட்டில் உயரம் பாய்ந்து இலங்கைக்கு முதல் தங்கம் வென்ற எதிர்வீரசிங்கம் பிறகு கலாநிதிப் பட்டமும் பெற்றார் என்று சொல்லலாம். ஆனால் அவர் அபூர்வ மனிதர். நான் கவலைப்படுவது சாதாரணப் பிள்ளையைப் பற்றி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2010 இல் 50 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தது. பாடசாலை உடற்பயிற்சிக்கும் கல்விக்கும் இடையே கண்ட தொடர்புகளில் பாதியளவு நன்மையானவை; மிகுதியில் அநேகமாக எந்த வித்தியாசமும் இல்லை. தீமை 100க்கு இரண்டுகூட இல்லை. விளையாட்டு புள்ளியைக் கூட்டும் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன். குறைக்காது என்பதே எனக்குப் போதும்.

விளையாட இடம் எங்கே என்ற கேள்வி திருகோணமலையின் சீனன்குடாவில் கூடுதலாக உறைக்கிறது. விமானத் தளம், 850 ஏக்கரில் 99 எண்ணெய்த் தாங்கிகள், மா ஆலை, சீமெந்து ஆலை, விமானப்படையின் கோல்ஃப் திடல் எனப் பரந்த நிலமெல்லாம் வேலிக்குள் கிடக்கிறது. அதில் ஒரு துண்டையாவது மாலையில் பிள்ளைகளுக்குத் திறந்துவிடக் கேட்பது நியாயமானதே. ஆனாலும் அந்த அனுமதிக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. கிளித்தட்டுக்குப் பாடசாலை முற்றமும் நிலத்தில் கீறிய கோடுகளும் போதும். கெட்டிக்காரனும் மெதுவாக ஓடுபவளும் ஒரே ஆட்டத்தில் சேரலாம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் மத்தியான வெயிலில் யாரும் ஓட முடியாது, உண்மைதான். அப்போது ஆட்டத்தைக் காலை ஏழரைக்கு, முதற்பாடத்துக்கு முன் வைக்கலாம். பாடசாலை நேரத்துக்குள் வந்தால், பிள்ளையைப் பின்னேரம் தனியே அனுப்பத் தயங்கும் வீட்டிலிருந்தும் மகள் விளையாட வருவாள். அதற்கு வலயக் கல்வி அலுவலகம் அந்த நேரத்தை 10, 11 ஆம் தரங்களின் நேரசூசியில் சேர்க்க வேண்டும். மேற்பார்க்கும் ஆசிரியருக்கு அதை ஒரு பாடவேளையாகக் கணக்கிட வேண்டும்.