பொதுச் செருகுநிரலும் நம் பெயரின் முதலெழுத்தும்



களியக்காவிளையைக் கடந்து கேரளத்திற்குள் புகுந்தால் முதலில் வருவது பாறசாலை. அதற்கு வடமேற்கே நெய்யாற்றின்கரை. 1956ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் எல்லை வகுக்கப்பட்டபோது விளவங்கோடு வட்டம் தமிழகத்தைச் சேர்ந்தது. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. ஆயினும், எல்லையோரச் சிற்றூர்களில் தமிழும் மலையாளமும் அடுத்தடுத்த வீடுகளில் வழங்கிவருகின்றன.

தமிழர் தந்தை பெயரின் முதலெழுத்தைத் தம் பெயருக்கு முன்னே இடுவர். கேரளத்திலோ வீட்டுப் பெயரின் எழுத்தைப் பின்னே இடுவதும் உண்டு. மேனாட்டார் கூறும் குடும்பப் பெயர் இவ்விரு வழக்கிலும் பெரும்பாலும் இல்லை. ஆனால் இணையத்தளப் படிவங்கள் பல, குடும்பப் பெயர் இன்றி விண்ணப்பத்தை ஏற்பதில்லை. அப்படிவம் வெள்ள நிவாரண முகாமின் பதிவேடாக இருப்பின் என்னாகும்? ஒருவர் தந்தை பெயரை எழுத, மற்றவர் வீட்டுப் பெயரை எழுத, மூன்றாமவர் வெறும் புள்ளியை இட, ஒரே குடும்பம் மூன்று குடும்பமாகிவிடும். தேடுவோர்க்கு ஆள் அகப்படார்.

2018 ஆகஸ்டில் கேரளத்தைப் பெருவெள்ளம் சூழ்ந்தபோது, ஐ.ட்ரிபிள்.இ. கேரளப் பிரிவின் தன்னார்வலரும் மாநிலத் தகவல் தொழில்நுட்ப இயக்கத்தினரும் ‘கேரளா ரெஸ்கியூ’ என்னும் தளத்தை இயக்கினர். அது ‘ஜாங்கோ’ என்னும் கட்டமைப்பின்மீது எழுந்தது. அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்துச் செய்தித்தாள் அலுவலகம் ஒன்றில் உருவாகி, 2005இல் பொதுவில் வெளியிடப்பட்ட கட்டமைப்பு அது. அதில் பெயர்ப்பதிவு, தேடல் முதலிய பணிகளுக்குப் பிறர் எழுதி வைத்த பொதுச் செருகுநிரல்களை எடுத்துப் பொருத்தலாம். ஒவ்வொன்றையும் புதிதாக எழுத வேண்டுவதில்லை. ஆதலின் அவசர காலத்தில் விரைந்து தளம் அமைக்க இயலும்.

அப்பொதுச் செருகுநிரல் நம் வழக்குக்குப் பொருந்தாவிடில் என் செய்வது? பலரும் அதன் கோப்பையே திறந்து திருத்திவிடுவர். இது பெரும்பிழை. அடுத்த பதிப்பு நிறுவப்பட்டதும் அத்திருத்தம் அழிந்துபோகும். அதற்கு அஞ்சிப் புதுப்பிக்காமல் விட்டாலோ, பாதுகாப்புக் குறைகள் அடைபடாமல் நிற்கும்; முகாமிலுள்ளோரின் முகவரியும் தொலைபேசி எண்ணும் களவுபோக இடமாகும்.

செவ்விய முறை வேறு. முதலாவது, செருகுநிரல்களைத் தம் நிரலோடு கலவாமல், அவற்றின் பெயரையும் பதிப்பெண்ணையும் ஒரு பட்டியற் கோப்பில் எழுதி வைத்தல் வேண்டும். எந்தக் கணினியிலும் அதே பதிப்புகளை நிறுவ அப்பட்டியல் உதவும்.

இரண்டாவது, நம் திருத்தங்களுக்கெனத் தனிச் செருகுநிரல் ஒன்றை அமைத்தல். தளத்தின் அமைப்புக் கோப்பில் செருகுநிரல்கள் வரிசையாகக் குறிக்கப்படும். பக்க வார்ப்புருவைத் தேடும்போது ஜாங்கோ அவ்வரிசையில் மேலிருந்து கீழே செல்லும். முதலில் அகப்படுவதையே கொள்ளும். எனவே நம்முடையதை மேலே வைத்து, அதே பெயரில் வார்ப்புரு எழுதினால், மூலத்தைத் தொடாமலே பக்கம் மாறிவிடும்.

மூன்றாவது, சொற்கள். மொழிபெயர்ப்புக் கோப்புகளுக்கெனத் தளத்திற்கு ஓர் இருப்பிடம் குறித்துவிட்டால், அங்குள்ள சொல்லே செருகுநிரலின் சொல்லை முந்தும். ‘குடும்பப் பெயர்’ என்பதைத் தமிழில் ‘தந்தை பெயர்’ என்றும் மலையாளத்தில் ‘வீட்டுப் பெயர்’ என்றும் காட்டலாம்.

எனினும் பெயர்ப்பலகையை மாற்றியதனால் விதி மாறிவிடாது. அவ்விடத்தை வெறுமையாக விட்டால் தளம் இன்னும் மறுக்கவே செய்யும். ஆகவே நான்காவதாக, மூலப் படிவத்தை வழியாகக் கொண்டு புதியதொரு படிவத்தை நம் செருகுநிரலில் வகுத்து, அவ்விடம் கட்டாயமன்று என விதிக்க வேண்டும். அந்த இடம் வெறுமையாக இருப்பதைச் சேமிப்பு அட்டவணை ஏற்கின்றதா என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஓர் எச்சரிக்கை: நாம் மாற்றி எழுதிய வார்ப்புரு, மூலம் வளரும்போது தானாக வளராது. ஒவ்வொரு புதுப்பதிப்பின்போதும் இரண்டையும் ஒப்புநோக்குதல் கடமையாகும். அன்றியும், எல்லார்க்கும் பயன்படும் திருத்தத்தை மூல ஆசிரியர்க்கே அனுப்பிவிடுவது நன்று. ஏற்கப்படின் அதனைக் காக்கும் சுமை நமக்குக் குறையும்.

மும்பையிலும் தில்லியிலும் பெங்களூரிலும் தமிழ்ச் சங்கத் தளங்களைப் பேணும் அன்பர்கள் இம்முறையைக் கைக்கொள்வாராக. பிறர் உழைப்பை நன்றியுடன் பெறுவோம். அதைச் சிதைக்காமலே நம் பெயரை நம் வழக்கப்படி எழுதுவோம்.