தேய்க்கத் தேய்க்க கறுத்த கதை: டிரை பிரஷிங் உண்மையில என்ன பண்ணுது?

இந்த எபிசோட் என்னோட காலர் எலும்பைப் பத்தினது. சிரிக்காதீங்க.

கள்ளிக்குப்பத்துல எங்க வீட்டுக்கு போர் தண்ணிதான். பக்கெட் உள்பக்கம் பூரா வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கும். குளிச்சு முடிச்சா தோல் இறுக்கிப் பிடிக்கும், கால்ல நகம் பட்டா வெள்ளைக் கோடு விழும். போன வருஷம் ஒரு ரீல்ஸ் பாத்தேன். குளிக்கறதுக்கு முன்னாடி, ஈரம் இல்லாத உடம்புல, நார் பிரஷ் வச்சு பாதத்துல இருந்து மேல நோக்கித் தேய்க்கணுமாம். செத்த செல் உதிரும், நச்சு வெளியேறும், தோல் பளபளக்கும். உடனே ஆர்டர் போட்டேன்.

உண்மையைச் சொல்லிடறேன். வீட்ல கல்யாணப் பேச்சு ஆரம்பிச்ச நேரம் அது. ஃபோட்டோவுல கொஞ்சம் கலரா தெரியணும்னு ஒரு ஆசை.

தினமும் பத்து நிமிஷம் தேய்ச்சேன். நாலஞ்சு மாசத்துல காலர் எலும்பு மேலயும் தோள்பட்டையிலயும் பழுப்பா ஒரு கருமை வந்துச்சு. அழுக்குன்னு நினைச்சு இன்னும் அழுத்தித் தேய்ச்சேன். பக்-ஐ ஃபிக்ஸ் பண்றேன்னு அதே கோடை திரும்பத் திரும்ப ரன் பண்ணின மாதிரி.

தோல் மருத்துவர் பாத்ததும் கேட்ட முதல் கேள்வி: “எதை வச்சுத் தேய்க்கிறீங்க தம்பி?”

இதுக்குப் பேர் ஃப்ரிக்‌ஷன் மெலனோசிஸ், அதாவது உராய்வுக் கருமை. ஜப்பான்ல நைலான் துண்டால உடம்பு தேய்க்கிறவங்ககிட்ட இதைப் பதிவு பண்ணியிருக்காங்க. மேற்கு ஆசியாவுல ‘லிஃபா’ங்கிற பீர்க்கு நார். நம்ம ஊர் டாக்டர்களுக்கும் இது புதுசு இல்ல. எலும்பு தோலுக்குப் பக்கத்துல துருத்திக்கிட்டு நிக்கிற இடங்கள்லதான் அதிகம் வரும். தினசரி உராய்வுல மேல்தோலோட அடி அடுக்கு அடிபட்டு, அங்க இருக்கிற மெலனின் இன்னும் ஆழமான அடுக்குக்குள்ள இறங்கிடுது. அங்க போயிட்டா எந்த பிரஷும் எட்டாது. சிலருக்கு அந்த இடத்துல அமிலாய்டுங்கிற புரதமும் படியும், கூடவே அரிப்பும் வரும்.

சரி, செத்த செல் போகவே வேணாமா? அது தானா போகுது. மேல் அடுக்குல இருக்கிற செத்த செல்களை ஒட்டி வச்சிருக்கிற பிணைப்புகளை என்சைம்கள் வெட்டிவிடும். மேல்தோல் முழுசா புதுசாக சுமார் ஒரு மாசம் ஆகும். இதுல எனக்குப் பிடிச்ச விஷயம், அந்த என்சைம்கள் வேலை செய்யத் தண்ணி வேணும். தோல் வறண்டா வெட்டு சரியா நடக்காம, செல்கள் கொத்துக் கொத்தா செதில் மாதிரி நிக்கும். என் கால்ல விழுந்த வெள்ளைக் கோடு அதுதான். நான் தேட வேண்டியிருந்தது ஈரத்தை. வாங்கினது பிரஷ்.

நச்சு விஷயம் சுருக்கமா: அது கல்லீரல், சிறுநீரகத்தோட டிபார்ட்மென்ட். தேய்ச்சதும் வர்ற சிவப்பு, கொஞ்ச நேரம் ரத்த ஓட்டம் கூடினது மட்டும்தான். செல்லுலைட் தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு, பிரஷ் அங்க போகாது.

“நம்ம பாட்டி பீர்க்கங்காய் நார் தேய்க்கலையா?”ன்னு கேப்பீங்க. தேய்ச்சாங்க. ஆனா எங்க பாட்டி முதல்ல நல்லெண்ணெய் தேய்ச்சு ஊற விடுவாங்க, அப்புறம் வெந்நீர், அப்புறம் பயத்தமாவு. நார் வர்றதுக்குள்ள தோல் நல்லா ஊறியிருக்கும். அதுவும் வாரம் ஒரு தடவைதான். அதுக்காக பாட்டி சயின்டிஸ்ட்னு சொல்ல வரல. ஈர நாரை பாத்ரூம்லயே தொங்க விட்டா கிருமி வளரும். வெயில்ல காய வைக்கணும்.

சோரியாசிஸ், எக்ஸிமா இருக்கிறவங்க பிரஷ் பக்கமே போகாதீங்க. சோரியாசிஸ்ல உராயற இடத்துலயே புதுசா திட்டு வரலாம்.

எனக்கு டாக்டர் சொன்னது ரெண்டே விஷயம்: தேய்க்கறதை நிறுத்து, குளிச்ச ஈரம் காயறதுக்குள்ள யூரியா கலந்த க்ரீம் போடு. எட்டு மாசம் ஆச்சு. கருமை பாதி குறைஞ்சிருக்கு, மீதி மெதுவாத்தான் போகுமாம். கால்ல கோடு விழறது நின்னுடுச்சு.

பிரஷ் இப்ப அம்மாகிட்ட. பக்கெட் உப்பைத் தேய்க்கறாங்க, பிரமாதமா போகுது.