உப்புக் காற்றும் ஓய்ந்த விமானமும்

சென்னை பெசன்ட் நகரில் ஜன்னல் கம்பி எத்தனை வருஷம் தாங்கும்? அங்கே குடியிருப்பவர்களைக் கேட்டால் பெருமூச்சுதான் பதில். கடற்காற்றின் உப்பும் ஈரமும் உலோகத்தை அரித்துவிடும். விமானத்துக்கும் அதே கதிதான். அதனால்தான் வேலையில்லாத விமானங்களை வறண்ட பாலைநிலத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறார்கள்.

2020-இல் கொரோனாவால் வானம் வெறிச்சோடியபோது, சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் விமானங்கள் பலவற்றை ஆஸ்திரேலியாவின் நட்டநடுவே இருக்கும் ஆலிஸ் ஸ்பிரிங்ஸுக்கு அனுப்பியது. மீனம்பாக்கத்திலிருந்து நம்மவர்களை ஏற்றிச் செல்கிற அதே நிறுவனம்தான். ஆலிஸ் ஸ்பிரிங்ஸில் என்ஜினின் வாயை மூடி, ஜன்னல்களை மறைத்து வைப்பார்கள். டயர் ஒரே பக்கம் அழுந்திவிடாமல் அவ்வப்போது சக்கரத்தை உருட்டியும் விடுவார்கள். சும்மா நிற்பதற்கும் ஆள் வேண்டியிருக்கிறது, பாருங்கள்!

விமானத் தொழிலின் சரிவு சென்னைக்குப் புதிதல்ல. காற்றாலை செய்த நிறுவனம் நடத்திய என்.இ.பி.சி. ஏர்லைன்ஸ் 1997-இல் ஓய்ந்தது. 2005-இல் பறக்கத் தொடங்கிய பாரமவுண்ட் 2010-இல் நின்றுபோனது. அதன் விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை. கொடுத்தவர்கள் திருப்பிக் கேட்டார்கள்.

ஓய்ந்து நிற்கும் எல்லா விமானமும் மீண்டும் சேவைக்குத் திரும்புவதில்லை. 2024 ஏப்ரல் 22 அன்று ஏர் இந்தியாவின் ஜம்போ விமானம் ஒன்று மும்பையிலிருந்து கிளம்பி, இறக்கையை ஆட்டி விடைபெற்றது. அது போனது அமெரிக்காவுக்கு, உதிரிபாகங்களாகப் பிரிக்கப்படுவதற்கு.