மலைச்சரிவு வளாகங்களில் கம்பிவழி ஈதர்நெட் வலையமைப்பு: ஜமுனாமரத்தூர் நிலப்பரப்பை முன்வைத்து

முன்னுரை

திருவண்ணாமலை மாவட்டத்தின் ஜமுனாமரத்தூர், சவ்வாது மலையின் பழங்குடி ஊர்களுக்கு நிருவாக மையமாக விளங்குகிறது. தமிழகத்தின் 12,525 ஊராட்சிகளையும் கண்ணாடி இழை வடத்தால் இணைப்பது பாரத்நெட் திட்டத்தின் நோக்கம். ஊராட்சி வரை வரும் இணைப்பை உண்டு உறைவிடப் பள்ளி போன்ற ஒரு வளாகத்திற்குள் பகிர்ந்தளிக்கத் தனித் திட்டமிடல் வேண்டும். மலையில் அதனைத் தீர்மானிப்பவை சரிவும் மின்னலுமே ஆகும்.

உறுப்புகளும் தொலைவும்

1973இல் ஜெராக்ஸ் ஆய்வகத்தில் ராபர்ட் மெட்காஃப் முன்மொழிந்த ஈதர்நெட்டில் கணினிகள் யாவும் ஒரே வடத்தைப் பகிர்ந்துகொண்டன. இன்றோ ஒவ்வொரு கணினியும் தனித்தனி முறுக்கிணை வடத்தால் சுவிட்சுடன் இணைகிறது. ரூட்டர் அச்சுவிட்சை வெளி இணையத்தோடு இணைக்கிறது. ஒரு வடம் அறுந்தால் ஒரு கணினி மட்டுமே துண்டிக்கப்படும். சுவிட்ச் அணைந்தால் அனைத்தும் நின்றுவிடும் என்பதால் அதற்கு யூ.பி.எஸ். இன்றியமையாதது.

முறுக்கிணை வடத்தின் எல்லை 100 மீட்டர். இதில் நிலையாகப் பதிக்கும் பகுதி 90 மீட்டர். எஞ்சிய 10 மீட்டர் இரு முனைகளின் இணைப்பு வடங்களுக்கு உரியது. இவ்வெல்லையை வரைபடத்தில் அளப்பது பிழையாகும். வரைபடத்தில் 82 மீட்டர் இடைவெளி கொண்ட இரு கட்டடங்களுக்கு இடையே 20 மீட்டர் இறக்கம் இருப்பின் சரிவுத் தொலைவு 84 மீட்டரைக் கடக்கும். சுவர்களில் ஏறி இறங்க நான்கு நான்கு மீட்டர் சேர்த்தால் 92 ஆகிவிடும். சந்தையில் மலிவாகக் கிடைக்கும் தாமிரப் பூச்சிட்ட அலுமினிய வடமோ இந்த 100 மீட்டருக்கே உறுதி தருவதில்லை. அதனை வாங்குவது சிக்கனம் ஆகாது.

கட்டடங்களுக்கு இடையே

தொலைவு அடங்கினாலும் கட்டடங்களுக்கு இடையே தாமிரம் கூடாது என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. அருகில் மின்னல் தாக்கும்போது இரு கட்டடங்களின் நில இணைப்புகளுக்கு இடையே பெரும் மின்னழுத்த வேறுபாடு தோன்றும். ஈதர்நெட் முனையங்களின் காப்பு 1,500 வோல்ட் அளவிற்கே சோதிக்கப்படுகிறது. அதனை மீறும் அழுத்தம் வடத்தின் வழியே பாய்ந்து இருபுறக் கருவிகளையும் எரித்துவிடும். பழுதுநீக்குநர் சமவெளியிலிருந்து மலையேறி வரும்வரை ஆய்வகம் முடங்கும். கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. எனினும் எஃகுக் கவசமோ தாங்குகம்பியோ கொண்ட இழை வடம் கடத்தும் என்பது பலரால் கவனிக்கப்படுவதில்லை. ஆகவே கொள்முதல் ஆணையிலேயே 'உலோகமற்ற இழை வடம்' எனக் குறிப்பிடுதல் வேண்டும்.