ஒக்சிமீற்றர் 94 எண்டு காட்டினால், அது 94 தானா?



இந்தக் கிழமை எபிசோடில் ஸ்மார்ட் வாட்ச் சென்சர்களைப் பற்றிக் கதைச்சம். முடியிற நேரத்தில் ஒக்சிமீற்றர் பற்றிப் பேச்சு வந்தது. அதை விளங்கப்படுத்தப் போனால் இன்னொரு எபிசோட் வேணும் எண்டு அப்படியே விட்டிட்டம். அதைத்தான் இங்கே எழுதுறன். நான் டொக்டர் இல்லை, கொன்ட்ராக்டில் கோட் எழுதிச் சீவிக்கிற ஆள். ஆனால் இந்தக் கதையின் நடுவில் ஒரு லுக்கப் டேபிள் இருக்கு. அந்த டேபிளை யாருடைய விரல்களை வைத்து நிரப்பினார்கள் என்பதுதான் பிரச்சினை.

சாதனம் உங்களுக்குத் தெரிந்ததுதான். விரலைக் கவ்விப் பிடிக்கிற குட்டிக் கிளிப். கொவிட்டுக்குப் பிறகு லண்டனில் எங்கட ஆக்களின் வீடுகளில் பனடோலுக்கும் சித்தாலேபவுக்கும் பக்கத்தில் அதுவும் ஒன்று கிடக்கும். இரத்தத்தில் ஒக்சிசன் எத்தனை வீதம் என்று காட்டும். கொவிட் காலத்தில் என்எச்எஸ் சொன்ன கணக்கு இது: 95 அல்லது அதற்கு மேல் என்றால் வீட்டில் இருக்கலாம். 93, 94 என்றால் ஜிபிக்கோ 111க்கோ அடிக்க வேண்டும். 92 அல்லது அதற்குக் கீழே என்றால் ஏ அண்ட் ஈ, இல்லாவிட்டால் 999. வீட்டுக் கட்டிலுக்கும் அம்புலன்சுக்கும் இடையில் மூன்று புள்ளிதான் தூரம். அந்தக் கிளிப்பே சில பேருக்கு இரண்டு மூன்று புள்ளியைக் கூட்டிக் காட்டினால்?

முதலில் அது எப்படி வேலை செய்யுது எண்டு பாப்பம். கிளிப்பின் ஒரு பக்கத்தில் இரண்டு எல்இடி. ஒன்று சிவப்பு, 660 நனோமீற்றர் அளவில். மற்றது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு, 940 அளவில். மறுபக்கத்தில் ஒளியைப் பிடிக்கிற போட்டோடயோட். ஹீமோகுளோபினில் இருக்கிற இரும்பு அணுவில் ஒக்சிசன் போய் ஒட்டும்போது அந்த மூலக்கூறின் நிறம் மாறுகிறது. ஒக்சிசன் ஏறியது சிவப்பு ஒளியைப் போக விடும், அகச்சிவப்பை அதிகம் விழுங்கும். ஒக்சிசன் இல்லாதது நேர்மாறு. இரண்டு ஒளியிலும் எவ்வளவு மறுபக்கம் வந்து சேருது எண்டு ஒப்பிட்டால் வேலை முடிஞ்சுது.

முடியேல்லை. விரலுக்குள் இரத்தம் மட்டுமா இருக்கு? தோல், தசை, எலும்பு, நகம் எல்லாமே ஒளியை விழுங்கும். இதற்கு வழி கண்டவர் தக்குவோ அஒயாகி, ஜப்பானில் நிஹோன் கோடன் நிறுவனத்தில் எஞ்சினியர். 1970களின் தொடக்கத்தில் அவர் தேடியது வேறொன்று. இரத்தத்தில் சாயம் ஏற்றி, காதில் ஒளி பாய்ச்சி, இதயம் எவ்வளவு இரத்தத்தை இறைக்கிறது என்று அளக்கப் பார்த்தார். ஒவ்வொரு துடிப்புக்கும் வரைபு ஏறி இறங்கி அவருடைய கணக்கைக் குழப்பியது. அந்த நொய்சை அழிக்க இரண்டு வகை ஒளியை எடுத்து விகிதம் போட்டுப் பார்த்தார். ஒக்சிசன் மாறினால் அந்த விகிதமும் மாறியது. துடிப்பது நாடியில் ஓடுகிற இரத்தம் மட்டும்தான், தோலும் எலும்பும் துடிப்பதில்லை. ஆகவே துடிக்கிற பகுதியை மட்டும் பிரித்தெடுத்தால் நாடி இரத்தத்தின் ஒக்சிசன் கையில் கிடைக்கும். மனுசன் அழிக்க நினைத்த நொய்சே சிக்னலாகி விட்டது. எனக்கு எஞ்சினியரிங் கதைகளில் மிகவும் பிடித்தது இதுதான். 2020 ஏப்ரலில், உலகமே அந்தக் கிளிப்பைத் தேடி அலைந்த மாதத்தில், 84 வயதில் அவர் காலமானார்.

சரி, டேபிளுக்கு வருவம். வந்து சேர்கிற ஒளியில் துடிக்கிற பங்கு ஒன்றிரண்டு வீதம்தான். சிவப்பில் துடிப்பை மொத்தத்தால் வகுக்க வேண்டும், அகச்சிவப்பிலும் அப்படியே. பிறகு முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருகிற எண்ணுக்குப் பெயர் ஆர். பாடப்புத்தகங்களில் அதற்கு ஒரு சுருக்கக் கணக்கு இருக்கு: ஒக்சிசன் வீதம் = 110 − 25 × ஆர். ஆர் 0.6 என்றால் 95. ஆர் 1 என்றால் 85.

இந்த 110உம் 25உம் எங்கிருந்து வந்தன? பௌதிக விதியில் இருந்து நேராக வரவில்லை. விரலுக்குள் ஒளி நேர்கோட்டில் போகாது, சிதறும், அலையும். அதைச் சமன்பாட்டில் அடக்குவது கஷ்டம். அதனால் சுகதேகிகளான ஆக்களைக் கூப்பிட்டு, ஒக்சிசன் குறைந்த காற்றைச் சுவாசிக்க வைத்து, 100இல் இருந்து 70 வரை படிப்படியாக இறக்குவார்கள். ஒவ்வொரு படியிலும் நாடியில் இரத்தம் எடுத்து, ஆய்வுகூட மெஷினில் உண்மையான அளவைப் பார்த்து, அதே நேரம் கிளிப் தந்த ஆருக்குப் பக்கத்தில் எழுதுவார்கள். அந்தச் சோடிகளால் வரைந்த வளைகோடுதான் கிளிப்பின் சிப்புக்குள் இருக்கிறது. மெஷின் லேர்னிங் படிச்ச ஆக்களுக்கு இதுக்கு மேல சொல்லத் தேவையில்லை. ட்ரெயினிங் டேட்டாவில் இல்லாத ஆளுக்கு மொடல் தருவது ஊகம்.

டேட்டாவில் யார் இருந்தார்கள்? அமெரிக்காவின் எஃப்டிஏ 2013இல் விதித்த வழிகாட்டலின்படி, சாதனத்தின் துல்லியத்தைக் காட்ட ஆகக் குறைந்தது 10 பேரும் 200 அளவீடுகளும் போதும். அதில் கறுத்த தோல் உள்ளவர்கள் 2 பேர், அல்லது 15 வீதம், எது கூடவோ அது. கறுத்த தோல் என்றால் எது, அதை எப்படி அளப்பது என்று அதில் வரையறை கிடையாது. எங்கட கலியாண விளம்பரங்களில்கூட சிவலை, பொதுநிறம், மாநிறம் எண்டு தரம் பிரிச்சுப் போடுவினம். அந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்காது, ஆனாலும் எஃப்டிஏயை விட அவையள் கவனமா இருந்திருக்கினம் எண்டு சொல்லத்தான் வேணும். இரண்டு பேரில் டெஸ்ட் செய்ததை ரிலீஸ் பண்ணு என்று எந்த கிளையண்ட் கேட்டாலும் நான் ஓம் எண்டு சொல்ல மாட்டன்.

இப்போது கூர்மையான ஆக்கள் கேட்பீர்கள்: தோல் துடிப்பதில்லை என்றால் மெலனினும் துடிப்பதில்லைதானே? விகிதம் போடும்போது அது வெட்டுப்பட்டுப் போக வேண்டுமே? நல்ல கேள்வி. கணக்கில் வெட்டுப்படும், பொருளில் வெட்டுப்படாது. 660 நனோமீற்றர் என்று பெட்டியில் எழுதியிருந்தாலும், எல்இடி அந்த ஒரே நிறத்தை மட்டும் உமிழ்வதில்லை. அதற்கு இரண்டு பக்கமும் கொஞ்சம் அகலமான ஒரு பட்டையாகத்தான் வெளிச்சம் வரும். குறைக்கடத்தியின் இயல்பு அது. மெலனின் குறுகிய அலைநீளத்தைக் கூடுதலாக விழுங்கும். ஆகவே கறுத்த தோலைக் கடந்து வருகிற சிவப்பு, பட்டையின் நீண்ட பக்கத்துக்குச் சற்றே நகர்ந்த சிவப்பு. அந்தப் பக்கத்தில் ஒக்சிசன் இல்லாத ஹீமோகுளோபின் குறைவாகவே விழுங்கும். அதனால் ஆர் குறைகிறது, திரையில் எண் கூடுகிறது. தோலில் ஒளி சிதறும் விதமும் இருக்கு. குளிர்ந்த கையில் துடிப்பு பலவீனமாகி, சிக்னல் நொய்சுக்குள் அமிழ்வதும் இருக்கு. எதற்கு எவ்வளவு பங்கு என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் விவாதிக்கினம். பிழை எந்தத் திசையில் போகிறது என்பதில்தான் ஆய்வுகள் திரும்பத் திரும்ப ஒத்துப் போகின்றன: கறுத்த தோலில் எண் கூடிக் காட்டும், உண்மையான ஒக்சிசன் குறையக் குறையப் பிழையும் கூடும். தேவைப்படுகிற நேரத்தில்தான் ஆகக் கூடப் பிழைக்கும்.

இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. 1990இலேயே அமால் ஜூப்ரானும் மார்ட்டின் டோபினும் வென்டிலேற்றரில் இருந்த நோயாளிகளைப் பார்த்து எழுதினார்கள்: வெள்ளை இனத்தவருக்கு 92 என்ற இலக்கு போதும், கறுப்பினத்தவருக்கு 95 வேண்டும். 2005இல் சான் பிரான்சிஸ்கோவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வுகூடம் அதையே சுகதேகிகளிடம் காட்டியது. பக் ரிப்போர்ட் போட்டாச்சு, ஒருத்தரும் டிக்கெட்டை எடுக்கேல்லை. 2020 ஓகஸ்டில் எம்ஐடியின் மானிடவியலாளர் ஏமி மொரான்-தோமஸ் இந்தப் பழைய ஆய்வுகளைத் தோண்டி எடுத்து ஒரு கட்டுரை எழுதினார். அதற்குப் பிறகு மிச்சிகன் பல்கலைக்கழக வைத்தியர்கள், மைக்கல் ஷோடிங் தலைமையில், தங்களிடம் ஏற்கெனவே கிடந்த பதிவுகளைப் புரட்டினார்கள். கிளிப் 92 முதல் 96 வரை காட்டிய அதே நேரத்தில் இரத்தப் பரிசோதனை 88க்குக் கீழே காட்டியது எத்தனை தடவை? வெள்ளை நோயாளிகளில் 3.6 வீதம். கறுப்பின நோயாளிகளில் 11.7 வீதம். 2020 டிசம்பரில் அது நியூ இங்கிலாந்து ஜேர்னல் ஒஃப் மெடிசினில் வந்தது. புதிதாக ஒரு பரிசோதனையும் செய்யவில்லை, ஆஸ்பத்திரி டேட்டாபேசில் ஒரு குவெரி, அவ்வளவுதான். எந்த வருசத்திலும் யாராவது ஓட்டியிருக்கலாம்.

எங்களுக்கு இதில் என்ன? 2022இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் குழு ஒன்று கொவிட் நோயாளிகளைப் பார்த்தது. வெள்ளை நோயாளிகளோடு ஒப்பிட்டால், ஏசியன் என்று பதியப்பட்டவர்களுக்குக் கிளிப் சராசரியாக 1.7 புள்ளி கூட்டிக் காட்டியது. கறுப்பினத்தவருக்கு 1.2, ஹிஸ்பானிக் மக்களுக்கு 1.1. கறுப்பின, ஹிஸ்பானிக் நோயாளிகளில் பலருக்குச் சிகிச்சை தேவை என்று அடையாளம் கண்டது பிந்தியது, சிலருக்கு அடையாளமே காணவில்லை. ஆனால் அந்த ஏசியன் பெட்டியைக் கொஞ்சம் திறந்து பாருங்கோ. அமெரிக்கப் பதிவில் கொரியரும் பிலிப்பினோவும் வல்வெட்டித்துறை ஆளும் ஒரே பெட்டி. இனம் வேறு, தோல் நிறம் வேறு. எங்கட ஒரே குடும்பப் படத்திலேயே எத்தனை நிறம்! என் கணிப்பில், எங்களைப் போன்றவர்களுக்கு உண்மையான பிழை எவ்வளவு என்பது அந்தச் சராசரிக்குள் புதைந்து கிடக்கிறது.

இதில்தான் இப்போது மாற்றம் வருது. எஃப்டிஏ 2025 ஜனவரியில் வெளியிட்ட வரைவில் 10 பேர் 150 பேராகியிருக்கு. நிறத்தைக் கண்ணால் மதிப்பிட ஹார்வர்ட் சமூகவியலாளர் எலிஸ் மங்க் உருவாக்கிய பத்து நிற அளவுகோல் வருகிறது, கூடவே கருவியால் அளப்பதும் இருக்கிறது. அந்த அளவுகோலை 2022இல் கூகிள் தன் கமெரா வேலைகளுக்கு எடுத்தபோதுதான் நம்மில் பலர் கேள்விப்பட்டோம். பிரித்தானியாவில் மார்கரட் வைற்ஹெட் தலைமையிலான சுயாதீன மீளாய்வு 2024 மார்ச்சில் வந்தது. கறுத்த தோலில் கிளிப் கூட்டிக் காட்டுவதற்குச் சான்று நிறைய என்று அது ஒப்புக்கொள்கிறது. என்எச்எஸ்இல் இதனால் பாதிப்பு நேர்ந்ததாக ஆய்வுச் சான்று கிடைக்கவில்லை, அமெரிக்காவில் இருக்கிறது, ஆபத்து வெளிப்படை என்றும் சொல்கிறது. விதி மாறினாலும், அம்மாவின் லாச்சிக்குள் கிடக்கிற பழைய கிளிப் மாறாது.

அதற்காக அதைக் குப்பையில் போடச் சொல்லேல்லை. ஒரே ஆளில் அது ஏறுதா இறங்குதா என்று காட்டுவதில் இன்னமும் கெட்டிதான். பிழைப்பது பெரும்பாலும் தனி எண்ணை நம்பும்போது. எஃப்டிஏ சொல்கிற கணக்கிலேயே 90 என்று திரை காட்டினால் உண்மை பொதுவாக 86இல் இருந்து 94 வரை எங்கும் இருக்கலாம். ஆகவே அம்மா, அப்பா சுகமாக இருக்கிற நாளில் அவர்களுடைய வழமையான எண்ணை எடுத்து ஃபோனில் குறித்து வையுங்கள். கியூட்டெக்ஸை அழித்து, கையைச் சூடாக்கி, ஐந்து நிமிடம் இருத்தி, எண் நிலைக்கும் வரை பொறுத்து எடுக்க வேண்டும். வழமையாக 98 காட்டுகிறவருக்கு 94 என்றால் அது நாலு புள்ளி இறக்கம். 111க்கு அடிக்கும்போது அந்த இறக்கத்தைச் சொல்லுங்கள். உதடு நீலமாகுதா எண்டு கேட்பார்கள். எங்கட நிறத்தில் உதட்டில் அது தெரிவது கஷ்டம், உதட்டின் உட்புறம், நாக்கு, முரசு, நகம் இவற்றைப் பார்க்க வேணும்.

இன்னொன்று, இது இரண்டாம் தலைமுறைக்கு மட்டும் உள்ள வேலை. பெரும்பாலும் ஃபோனில் மொழிபெயர்க்கிறது நீங்கள்தான். அம்மா "களைக்குது" என்பார். நீங்கள் அதை டயர்ட் என்று சொல்லுவீர்கள். கிளிப்பில் 94, ஆள் டயர்ட். நேர்ஸ் வீட்டில் ஓய்வெடுக்கச் சொல்லுவார். ஆனால் படியேறும்போது களைக்குது, இளைக்குது எண்டு யாழ்ப்பாணத்து அம்மா சொன்னால் அது பல நேரம் மூச்சு வாங்குவதைப் பற்றியது. டயர்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆகவே அடிக்க முதல் ஒரு கேள்வி கேளுங்கள்: "அம்மா, உடம்பு அலுப்பா, இல்லாட்டி மூச்சு வாங்குதா?" பதில் சொல்லும்போது ஒரு வசனத்தை ஒரே மூச்சில் முடிக்கிறாரா, நடுவில் நிறுத்துகிறாரா என்று கவனியுங்கள். நிறுத்தினால் கிளிப் 95 காட்டினாலும் 999க்கு அடித்து, எண்ணுக்கு முதல் அதைச் சொல்லுங்கள்.